இறந்தவன் எழுதிய ஏழு பதிவுகள்

"என்ட மகன் மவுத்தாகி ஏழு மாசம். ஆனா இன்னமும் எழுதிட்டு இரிக்கான்."

மைமூனா இதைச் சொல்லும்போது அழவில்லை. மடியில் இருந்த போனை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

கல்முனை பஸாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. அதை வைத்திருந்த நதீரா, காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பதினெட்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள். சலித்துப்போய் வேலையை விட்டு, 'விசாரணை செய்து தரப்படும்' என்று பலகை மாட்டி நாலு வருடமாகிறது. வாசல் கதிரையில் இருந்தவர் சீனிமுகம்மது, ஐம்பத்து மூன்று வயது ஆட்டோக்காரர். அவளுடைய விசாரணைகளுக்கு வாகனமும் அவர்தான், வாயும் அவர்தான்.

"மவுத்தானவங்க எழுத வெளிக்கிட்டா உசுரோட இரிக்கிற நாங்க எங்க போற?" என்று அவர் முணுமுணுத்தார். நதீரா ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க ராத்தா."

மைமூனா சொன்னார். ஊர் மருதமுனை. ஒரு மகன், ஒரு மகள். மகன் றம்ஸீன், இருபத்தாறு வயது. பெப்ரவரியில் தாய்லாந்தில் கணினி வேலை என்று போனான். மார்ச்சில் தெரியாத நம்பரில் இருந்து ஒருவன் பேசினான். உங்கள் மகன் மாடியில் இருந்து விழுந்து இறந்துவிட்டான், அடக்கம் முடிந்தது என்றான். அவ்வளவுதான். ஊர்ப் பள்ளிவாசலில், உடல் இல்லாமலே, காயிப் ஜனாஸா தொழுதார்கள்.

"நான் மையித்தக் காணல்ல. மண் போட்ட இடத்தயும் காணல்ல. மறுகா ஜூலையில இது வந்திச்சு."

அவர் காட்டியது 'கரைவாசல்' என்ற செயலி. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை போன் வைத்திருப்பவர்களில் பாதிப் பேரிடம் அது இருக்கும். ஜனாஸா அறிவித்தல், இரத்தம் தேவை, காணாமல் போன மாடு, வேலை வாய்ப்பு எல்லாம் அதில்தான். யாரையாவது பின்தொடர்ந்தால் அவர் எழுதும்போது போன் மணியடித்து அறிவிக்கும். மைமூனா பின்தொடர்ந்தது ஒரே ஒரு பெயரை. புறப்பட்டபோது மகனே இந்தப் போனை வாங்கி, தன் பெயரைப் பதிந்து கொடுத்திருந்தான்.

"மணியடிக்கும். 'றம்ஸீன் ஒரு பதிவு எழுதியுள்ளார்' எண்டு வரும். கீழ கொஞ்சம் எழுத்து. அமத்தினா, 'இந்தப் பதிவு இல்லை' எண்டு சொல்லும். ஆறு தரம் வந்திரிக்கி."

"கீழ என்ன எழுத்து?"

"'எல்லாருக்கும் ஸலாம். உங்கட புள்ளைகள' எண்டு மட்டும். அதுக்கு மேல தெரியா." அவர் அதை ஓதுவதுபோல் சொன்னார். "அவன் உசுரோட இரிக்கானா எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்க மகள். வேற ஒண்டும் வேணா."

நதீரா ஒரு தாளை எடுத்தாள். "ஒவ்வொரு தரமும் நீங்க எங்க இருந்த?"

மைமூனா யோசித்து யோசித்துச் சொன்னார். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக் கிளினிக் வரிசையில். ஒரு தடவை சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டில். ஒரு தடவை மீன் சந்தையில். ஒரு தடவை ஒலுவிலில் மையித்து வீட்டில். ஒரு தடவை பஸ்ஸில்.

"வீட்டுல இருக்கக்க?"

மைமூனா நிமிர்ந்து பார்த்தார். "ஒருக்காலும் இல்ல."

"தமிழ் எழுத்துலதான் வருதா?"

"ஓம்."

"அவரு உங்களுக்கு எழுதுறதும் தமிழ் எழுத்துலயா?"

"இல்ல மகள். அவன் கதைக்கிற தமிழ இங்கிலீஸ் எழுத்துல எழுதுவான். எனக்கு விளங்கா. ஸம்றாதான் வாசிச்சுச் சொல்லுவா. என்ட மகள்."

அந்த நேரம் போன் மணியடித்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு இளைஞனின் சிறிய படம். 'றம்ஸீன் ஒரு பதிவு எழுதியுள்ளார். எல்லாருக்கும் ஸலாம். உங்கட புள்ளைகள…'

நதீரா எட்டி அமத்தினாள். 'இந்தப் பதிவு இல்லை.'

சீனிமுகம்மது கதிரையில் இருந்து எழும்பி நின்றிருந்தார். மைமூனாவின் முகத்தில் மட்டும் பயம் இல்லை. அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உங்கட வீட்டுல யாரு ராத்தா?"

"ஸம்றா மட்டும்."

"காக்கா, ஆட்டோவ எடுங்க." சீனிமுகம்மதுவை அவள் அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

படியிறங்கும்போது சீனிமுகம்மது குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, எனக்கு ஒரு சந்தேகம். ஜின்னா இருந்தா அதுக்குப் பாஸ்வேர்ட் தேவைப்படுமா?"

"தேவைப்படா. இதுக்குத் தேவைப்பட்டிரிக்கும்."

"அப்ப நான் துணிஞ்சு ஆட்டோவ ஓட்டுறன்."

மைமூனாவின் வீட்டு வளவுக்குள் இன்னொரு வீடு பாதியில் நின்றது. சுவர் எழும்பி, ஜன்னல் நிலை வைத்து, கூரை இல்லாமல். மகளுக்குச் சீதனமாகக் கட்டத் தொடங்கியது என்று மைமூனா சொன்னார். அதை முடிக்கத்தான் றம்ஸீன் வெளிநாடு போனான். சுவர்களில் மழை ஊறிப் பச்சை பிடித்திருந்தது.

"அவருட சாமான் ஏதும் இரிக்கா?" என்று நதீரா கேட்டாள்.

மைமூனா அறைக்குள் கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தார். மடித்த சேட்டுகள், ஒரு தொப்பி, ஒரு அத்தர்ச் சீசா. ஒரு நீலச் சேட்டுக்குள் சுற்றி ஒரு பழைய போன்.

"புதுசு வாங்கிட்டு இத விட்டுட்டுப் போன. நான் தொடுறல்ல. சார்ஜ் போட்டதும் இல்ல. எட்டு மாசமா அப்பிடியே கிடக்கு."

நதீரா போனைக் கையில் எடுத்தாள். இளஞ்சூடாக இருந்தது. பக்கத்து விசையை அமத்தினாள். திரை ஒளிர்ந்தது. தொண்ணூற்றொரு வீதம் சார்ஜ்.

மைமூனா கட்டில் விளிம்பில் மெதுவாக அமர்ந்தார். "நான் இல்லாத நேரம் அவன் வந்துட்டுப் போறானா?"

அந்தக் கேள்விக்கு நதீராவிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவள் இல்லை.

"ராத்தா, சீனி காக்காக்கு ஒரு தேத்தண்ணி ஊத்துவீங்களா? சீனி போடாம. பேருல இரிக்கிறதே அவருக்குக் காணும்."

சீனிமுகம்மது விளங்கிக்கொண்டு மைமூனாவின் பின்னால் குசினிப் பக்கம் நடந்தார். தன் இரத்தத்தில் சீனி எத்தனை என்பதை அவர் விளக்கத் தொடங்கியது கேட்டது. நதீரா போனோடு வளவுக்குள் இறங்கினாள்.

கூரையில்லாத வீட்டின் நடுவில் கொடி கட்டி ஸம்றா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். நதீராவின் கையில் இருந்த போனைக் கண்டதும் ஈரத்துணி அவள் கையில் இருந்து கீழே விழுந்தது.

"சேட்டுக்குள்ள திரும்ப வைக்கிற நேரம் அது ஆறியிருக்கல்ல," என்றாள் நதீரா. "உம்மா வெளிய போற நேரம் மட்டுந்தானே உங்களுக்கு அலுமாரி கிடைக்குது?"

ஸம்றா தலையாட்டினாள். விழுந்த துணியை எடுத்துக் கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்.

"மார்ச்சில காக்கா எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பின. அங்க கணினி வேலை இல்லையாம். எல்லைக்கு அங்கால ஒரு முகாமுல அடைச்சு வச்சு, போன்ல ஆக்கள ஏமாத்தச் சொல்லி அடிக்கிறாங்களாம். உம்மாக்கிட்ட சொல்லாத எண்டு சொன்ன. ரெண்டு நாளுல மவுத்துச் செய்தி வந்திச்சு. 'ஸபர்வேலை' எண்ட வெப்தளத்துலதான் அந்த வேலைய எடுத்த. இன்னொருத்தரும் போகக்கூடாதெண்டு கரைவாசல்ல எழுதினன். ஒரே நாளுல மூணு தரம். என்ட கணக்கத் தூக்கிட்டாங்க. காரணம் சொல்லல்ல. மறுகாதான் காக்காட போன எடுத்தன்."

அவள் அந்தப் போனை வாங்கித் திறந்து காட்டினாள். ஏழு பதிவுகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. 'எல்லாருக்கும் ஸலாம். உங்கட புள்ளைகள ஸபர்வேலை எண்ட தளத்த நம்பி அனுப்ப வேணாம். நான் றம்ஸீன்ட தங்கச்சி எழுதுறன்…'

"இதுல இரிக்கி, பாருங்க. ஆனா உம்மாட போன்ல இல்ல எண்டு வருது. ஒருத்தரும் ஒரு வார்த்த எழுதல்ல. கரைவாசல் நடத்துறவங்களும் அந்தக் கூட்டத்தோட சேர்ந்தவங்க எண்டுதான் நான் நினைக்கன்."

"உம்மா உங்கட காக்கா உசுரோட இரிக்காரெண்டு நினைச்சிட்டு இரிக்காங்க."

"தெரியும்." ஸம்றா கொடியைப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வந்து, காக்கா இண்டைக்கும் எழுதின எண்டு சொல்லுவாங்க. அண்டைக்கு மட்டும் வயிறாரச் சாப்பிடுவாங்க. நான் எப்பிடிச் சொல்ற?"

கரைவாசலை நடத்தியது ஷிப்லி என்ற ஒருவன். சாய்ந்தமருதில் கணினிக் கடை. மதிய லுஹர் தொழுகை முடிந்து அவன் கடையைத் திறந்தபோது நதீராவும் சீனிமுகம்மதுவும் வாசலில் நின்றார்கள். முப்பத்தைந்து வயது, நித்திரை குறைந்த கண்கள், மரியாதையான பேச்சு.

"நான் யாருட பதிவையும் அழிக்கல்ல," என்றான்.

"சரி தம்பி. காக்கா, உங்கட போன்ல கரைவாசலத் திறந்து ஒரு சொல்லு எழுதுங்க. ஸபர்வேலை எண்டு."

சீனிமுகம்மது ஒற்றை விரலால் எழுதி அனுப்பினார். நதீரா தன் போனை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு திரையிலும் பதிவு தெரிந்தது. ஆறு விநாடி. அவளுடைய திரையில் அது காணாமல் போனது. சீனிமுகம்மதுவின் திரையில் அப்படியே இருந்தது.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ட போன்ல நான் கதைச்சிட்டு இரிக்கன். உங்கட போன்ல நான் மவுத்து."

ஷிப்லி எழும்பிப் போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தான்.

"தடை செஞ்ச தளங்கள்ட பட்டியல் ஒண்டு இரிக்கி," என்றான். "இருநூறுக்கு மேல. அதுல உள்ள பேர யாரு எழுதினாலும் சிஸ்டம் தானா எடுத்துரும். எழுதினவருக்குத் தெரியா. அவருட போன்ல இருக்கும். ஏழு நாளுக்குள்ள மூணு எண்டா கணக்கும் போயிரும். ஜூன்லதான் மணியடிக்கிற வசதியப் போட்டன். பதிவ எடுக்க முதலே மணியடிச்சிருது. அது என்ட பிழை. நான் கவனிக்கல்ல."

"பட்டியல் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

"என்னத்துக்கு மறைச்ச?"

அவன் கடையின் முன்கண்ணாடியைக் காட்டினான். மற்றக் கண்ணாடிகளை விட அது புதிதாக இருந்தது. "முதல் வருசம் எல்லாருக்கும் தெரியத்தான் போட்டன். காணி விக்கிற தளம் ஒண்டு, ஒரே காணிய ரெண்டு பேருக்கு வித்தாங்க. அதப் போட்டதுக்கு வந்து இந்தக் கண்ணாடிய உடைச்சாங்க. உம்மாக்குப் போன் எடுத்து ஏசினாங்க. அதோட மறைச்சிட்டன். எழுதினவருக்கே தெரியாம எடுத்தா சண்டை வராது எண்டு நினைச்சன்."

"சண்டை வரல்ல," என்றாள் நதீரா. "வேற என்ன வந்திச்செண்டு பார்ப்பம். ஸபர்வேலைய எப்ப பட்டியல்ல போட்ட?"

ஷிப்லி கணினியைத் திருப்பினான். "ஜனவரி ஆறு. அங்க இருந்து தப்பி வந்த ஒருத்தரு என்கிட்ட அழுது சொன்னாரு. தன்ட பேர வெளிய விட வேணாம் எண்டாரு. அண்டைக்கே போட்டுட்டன். கெட்டதத்தானே தடுத்தன் ராத்தா?"

சீனிமுகம்மது வாயைத் திறந்தார். ஏதோ பகிடி வரப்போகிறது என்று நதீரா நினைத்தாள். அவர் சொன்னது வேறு. "றம்ஸீன் போனது பெப்ரவரியிலதானே?"

நதீரா கணினிப் பக்கம் குனிந்தாள். "எடுத்த பதிவெல்லாம் எங்கயாவது இரிக்கா தம்பி?"

"இரிக்கி. நான் ஒருநாளும் திறந்து பார்க்கிறல்ல."

"ஸபர்வேலை எண்டு தேடுங்க. முதல்ல இருந்து."

பட்டியல் வந்தது. முதல் பதிவின் திகதி ஜனவரி பத்தொன்பது. எழுதியவன் பெயருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட அதே சிறிய படம்.

ஆங்கில எழுத்தில் தமிழ். ஷிப்லி மெதுவாக வாசித்தான்.

"ஸலாம். ஸபர்வேலை எண்ட வெப்தளத்தால எனக்கு ஒரு வேலை சரிவந்திரிக்கி. யாருக்காவது இவங்களப் பத்தித் தெரியுமா? நல்லமோ கெட்டமோ, தெரிஞ்சா சொல்லுங்க. பெப்ரவரி ரெண்டு பயணம்."

அதற்குக் கீழே, நாலு நாள் கழித்து, அதே பெயரில் இன்னொன்று.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. அப்ப ஸபர்வேலையில பிரச்சினை இல்ல எண்டு நினைக்கன்."

வாசித்து முடித்த பிறகும் ஷிப்லியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வெளியே ரோட்டில் ஐஸ்கிறீம் வண்டி ஒன்று பாட்டோடு போனது.

"எனக்குத் தெரிஞ்சிருந்திச்சு," என்றான் கடைசியில். "இந்த ஊருல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவரு என்கிட்டத்தான் கேட்டிரிக்காரு. நான் அவருட வாயப் பொத்திட்டன்."

"கீழ போங்க," என்றாள் நதீரா.

"ராத்தா…"

"அழுவுறதுக்கு நேரம் இரிக்கி தம்பி. இன்னும் யாரு கேட்டிரிக்காங்க எண்டு பார்க்கணும்."

ஸம்றாவின் எச்சரிக்கைகளைத் தவிர்த்து இன்னும் பதினொரு பேர் கேட்டிருந்தார்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்வி. இது நல்லமா? யாரும் போயிருக்காங்களா? எந்தக் கேள்விக்கும் கீழே ஒரு எழுத்தும் இல்லை. கடைசிப் பதிவு முந்தாநாள். எழுதியவர் இஹ்ஸான், மாவடிப்பள்ளி. 'வியாழக்கிழமை பின்னேரம் பயணம். தெரிஞ்சவங்க அதுக்குள்ள சொல்லுங்க.'

"இண்டைக்கு வியாழன்," என்றார் சீனிமுகம்மது. அவர் கையில் ஏற்கெனவே ஆட்டோச் சாவி இருந்தது.

கணக்கில் இருந்த நம்பருக்கு நதீரா அழைத்தாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான். பின்னால் வாகனச் சத்தம். காரைதீவுச் சந்தியில் கொழும்பு வேனுக்காகக் காத்து நிற்பதாகச் சொன்னான். அவள் விசயத்தைச் சொல்லத் தொடங்கினாள். "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு அவன் தொடர்பைத் துண்டித்தான்.

ஷிப்லியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டான். சாய்ந்தமருதில் இருந்து காரைதீவுச் சந்தி தூரமில்லை. சீனிமுகம்மது அந்தத் தூரத்தை ஹோர்னில் இருந்து கையெடுக்காமல் ஓட்டினார். பகிடி இல்லாமல் அவர் ஓட்டி நதீரா பார்த்தது அன்றைக்குத்தான்.

சந்தியில் வேன் வந்து நின்றிருந்தது. பெட்டிகளை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புதுச் சப்பாத்து போட்ட, மெலிந்த ஒருவன் வரிசையில் கடைசியாக நின்றான். பக்கத்தில் அவனுடைய வாப்பா.

"இஹ்ஸான்," என்று கூப்பிட்டது ஷிப்லி. ஆட்டோ நிற்குமுன்னமே அவன் இறங்கிவிட்டான். "நான் கரைவாசல் ஷிப்லி. நீங்க அதுல ஒரு கேள்வி கேட்ட."

"ஓம், கேட்டன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. அதான் போறன்."

"ஒருத்தருக்கும் அது போய்ச் சேரல்ல. நான்தான் சேர விடல்ல." மூச்சு வாங்கியது அவனுக்கு. "இத வாசிங்க. எனக்காக இல்ல. வாசிச்சிட்டு நீங்க ஏறுறதெண்டா ஏறுங்க."

தன் போனை நீட்டினான். இஹ்ஸான் வேண்டாவெறுப்பாக வாங்கினான். வாசித்தான். மேலே போய்த் திரும்பவும் வாசித்தான்.

"இவரு என்னப் போலவே கேட்டிரிக்காரு," என்றான். "இவரு இப்ப எங்க?"

வேன்காரன் ஹோர்ன் அடித்தான். இஹ்ஸானின் வாப்பா மகனின் முகத்தைப் பார்த்தார், பிறகு நதீராவின் முகத்தைப் பார்த்தார். வேனுக்குள் குனிந்து பெட்டியை இழுத்து இறக்கினார். வேன் போய்விட்டது.

மற்றப் பத்துப் பேருக்கும் அந்த ஆட்டோவில் இருந்தபடியே அழைத்தார்கள். ஆறு பேர் போகாமல் விட்டிருந்தார்கள். ஒருவர் போய்த் தப்பி வந்திருந்தார். மூன்று நம்பர்கள் வேலை செய்யவில்லை. ஷிப்லி அந்த மூன்று பெயர்களையும் உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டான்.

"அந்த மூணு வீட்டுக்கும் நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறன்," என்றார் சீனிமுகம்மது. "இண்டைக்கு உனக்கு றம்ஸீன்ட வீடு ஒண்டு போதும்."

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் மருதமுனைக்குப் போனபோது ஸம்றா உம்மாவிடம் சொல்லி முடித்திருந்தாள். மைமூனா கட்டிலில் இருந்தார். மகனின் பழைய போன் அவருடைய மடியில் கிடந்தது.

"அப்ப இனி அந்தப் பேரு வராதா?" என்று நதீராவைக் கேட்டார்.

"வராது ராத்தா."

மைமூனா தலையை அசைத்தார். நிறைய நேரம் அசைத்துக்கொண்டே இருந்தார். ஸம்றா அவருடைய காலடியில் அமர்ந்து முழங்காலில் முகத்தை வைத்தாள். ஏழு மாதமாக அந்த வீட்டில் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

ஷிப்லி வாசல்படியிலேயே நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பட்டியலை, அதை மறைத்ததை, ஜனவரி ஆறாம் திகதியை, ஜனவரி பத்தொன்பதை. எதையும் குறைக்கவில்லை. கடைசியாக, மடிக்கணினியைப் படியில் வைத்து அவர்கள் முன்னாலேயே பட்டியலை எல்லாருக்கும் திறந்துவிட்டான். ஒவ்வொரு தளத்துக்கும் பக்கத்தில் தடை செய்த திகதி, காரணம். எடுக்கப்பட்ட கேள்விகளையும் எச்சரிக்கைகளையும் பழைய திகதியோடு திருப்பிப் போட்டான்.

"என்ன ஏசுங்க மாமி," என்றான். "ஏதாவது சொல்லுங்க."

மைமூனா அவனை ஏசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "என்ட மகன் கேட்டத வாசிங்க," என்றார்.

அவன் வாசித்தான். இரண்டு பதிவையும்.

மைமூனா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மகளின் தலையில் கைவைத்தார்.

"அவன் கேட்டதுக்குக் கீழ எழுத ஏலுமா?"

"ஏலும் உம்மா."

"அப்ப நான் சொல்றத எழுது. போகாத மகன்."

ஸம்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். இன்னும் ஏதும் வரும் என்று விரலைத் தூக்கிவைத்துக் காத்திருந்தாள்.

"இவ்வளவுந்தானா உம்மா?"

"ஓம்," என்றார் மைமூனா. "அவன் இதத்தான் கேட்டிரிக்கான்."